தலையில் வைக்கும் காந்தம்: எது சிகிச்சை, எது இன்னும் சோதனை?

சில மாதங்களுக்கு முன் எங்கள் மருத்துவ உதவிக் குழுவுக்கு ஒரு சகோதரியிடமிருந்து விண்ணப்பம் வந்தது. அவருடைய கணவர் தையற்கடை வைத்திருப்பவர். இரண்டு ஆண்டுகளாக மனச்சோர்வு நோய்க்கு மருந்து சாப்பிட்டு வந்தார். தெரிந்தவர் ஒருவர் வீட்டுக்கு வந்து, தலையில் பட்டைபோலக் கட்டிக்கொள்ளும் ஒரு காந்தக் கருவியைக் காட்டியிருக்கிறார். "மெல்லிய காந்த அலை மூளையைத் தூண்டும், மாத்திரையே தேவைப்படாது" என்று சொல்லியிருக்கிறார். கருவியின் விலை அந்தக் குடும்பத்தின் பல மாத வருமானம். அதற்குத்தான் உதவி கேட்டிருந்தார்கள்.

விண்ணப்பத்தைப் படித்தபோது எங்களைக் கவலைப்பட வைத்தது விலை மட்டுமல்ல. கருவி வருவதற்கு முன்பே அந்தச் சகோதரர் மாத்திரையை நிறுத்தி மூன்று வாரம் ஆகியிருந்தது.

விண்ணப்பத்தோடு ஒரு துண்டுப் பிரசுரமும் இருந்தது. "அமெரிக்க அரசு அங்கீகரித்த காந்தச் சிகிச்சை முறை" என்று அதில் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். இது பொய்யா என்று எங்கள் குழுவிலேயே சிலர் கேட்டார்கள். முழுப் பொய் இல்லை. மூளைக்கான காந்தச் சிகிச்சை என்று ஒன்று உண்டு. அமெரிக்காவில் அதற்கு அங்கீகாரமும் உண்டு. ஆனால் அங்கீகாரம் பெற்ற கருவி வேறு, இந்தக் கருவி வேறு. இரண்டுக்கும் பெயர் ஒன்றாக இருப்பதால் ஒன்றின் நற்பெயரில் மற்றொன்று விற்கப்படுகிறது. இதுபோன்ற கேள்விகள் மற்றக் குடும்பங்களிலிருந்தும் வருவதால், இந்த இதழில் இதை விரிவாகவே எழுதுகிறோம்.

காந்தம் மூளையைத் தொடுவது எப்படி?

இன்று பல வீடுகளில் இண்டக்‌ஷன் அடுப்பு இருக்கிறது. அதில் நெருப்பு இல்லை; மேலே இருக்கும் கண்ணாடித் தட்டைச் சூடாக்கும் கம்பியும் இல்லை. உள்ளே ஒரு செம்புச் சுருள் இருக்கிறது. அதில் ஓடும் மின்சாரம் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை திசை மாறுவதால் அதைச் சுற்றியுள்ள காந்தப் புலமும் மாறிக்கொண்டே இருக்கிறது. அந்த மாற்றம் பாத்திரத்தின் அடியில் ஒரு மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. அதனால்தான் பாத்திரம் சூடாகிறது. மாறும் காந்தப் புலம் அருகிலுள்ள கடத்தியில் மின்சாரத்தைத் தோற்றுவிக்கும் என்று 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த விதி இதுதான்.

நம் மூளையின் நரம்பணுக்கள் சிறிய மின் துடிப்புகளின் மூலமே ஒன்றோடொன்று செய்தி பரிமாறுகின்றன. தலைக்கு வெளியே ஒரு சுருளை வைத்து, மிக வேகமாக மாறும் காந்தப் புலத்தை உண்டாக்கினால், மண்டை ஓட்டைத் திறக்காமலே உள்ளே ஒரு மின்னோட்டத்தை ஏற்படுத்தலாம். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஆன்டனி பார்க்கர் என்பவரும் அவருடைய குழுவினரும் 1985இல் இதைச் செய்து காட்டினார்கள். கையை அசைக்கும் மூளைப் பகுதிக்கு மேலே சுருளை வைத்து ஒரு துடிப்பைச் செலுத்தினார்கள். எதிர்ப்பக்கக் கையின் தசை தானாகத் துடித்தது. நோயாளி நினைத்துச் செய்ததல்ல, யாரும் தொட்டதுமல்ல. மூளை தூண்டப்பட்டது என்பதற்குக் கண்ணால் பார்க்கும் சாட்சியாக அது அமைந்தது.

இந்த முறையைத்தான் டி.எம்.எஸ். என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். மண்டை ஓட்டின் வழியே செய்யும் காந்தத் தூண்டல் என்று பொருள்.

வலுவானது எவ்வளவு, மெலிந்தது எவ்வளவு?

காந்தப் புலத்தின் வலிமையை டெஸ்லா என்ற அளவால் குறிக்கிறார்கள். ஒரு டெஸ்லாவைப் பத்து லட்சமாகப் பங்கிட்டால் ஒரு பங்கு ஒரு மைக்ரோ டெஸ்லா. திசைகாட்டியின் முள்ளைத் திருப்புகிற பூமியின் காந்தப் புலம் நம் ஊர்களில் சுமார் 40 மைக்ரோ டெஸ்லா. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டும் அலங்காரக் காந்தம் ஒரு டெஸ்லாவில் நூறில் ஒரு பங்குகூட இருக்காது. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் இயந்திரம் பெரும்பாலும் 1.5 அல்லது 3 டெஸ்லா.

டி.எம்.எஸ். சுருளின் புலமும் சுமார் 1.5 முதல் 2 டெஸ்லா வரை. ஒவ்வொரு துடிப்பின்போதும் சில ஆயிரம் ஆம்பியர் மின்சாரம் அந்தச் சுருளில் பாய்ந்து, ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் முடிந்துவிடும். இவ்வளவு வலிமையும் வேகமும் இருந்தும் அதன் பலன் தலைக்குள் இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்துக்குத்தான் எட்டுகிறது. இதற்கு மருத்துவமனையில் வைக்கும் பெரிய இயந்திரம் வேண்டும். பேட்டரி போட்ட தலைப்பட்டையால் இது ஆகிற வேலையல்ல.

மெலிந்த காந்தப் புலக் கருவிகள் என்று சொல்லப்படுபவை மைக்ரோ டெஸ்லா அல்லது மில்லி டெஸ்லா அளவில் வேலை செய்பவை. அவை மூளையில் உண்டாக்கும் மின்புலம் டி.எம்.எஸ். உண்டாக்குவதில் நூறில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான். கைவிரல் துடிக்காது, நரம்பணு தானாகச் செய்தி அனுப்பாது. ஏற்கெனவே துடிக்கவிருக்கும் அணுக்களை அது லேசாகப் பாதிக்கக்கூடும் என்று சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அப்படிப் பாதித்தாலும் அது நோயைக் குறைக்குமா என்பதுதான் கேள்வி.

காந்த மெத்தை, காந்த வளையல் போன்றவற்றின் புலம் மாறுவதே இல்லை. ஃபாரடேயின் விதிப்படி மாற்றம் இருந்தால்தான் மின்னோட்டம். அசையாத காந்தத்தின் மேல் அசையாமல் படுத்திருப்பவரின் மூளையைத் தூண்ட அங்கே ஒன்றும் நடப்பதில்லை. வலிக்கு இத்தகைய காந்தங்கள் உதவுமா என்று நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த கட்டுரை ஒன்று 2007இல் கனடா மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்தது. உதவும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்பதே அதன் முடிவு.

அங்கீகாரம் பெற்ற சிகிச்சை எது?

மனச்சோர்வு நோய்க்கான டி.எம்.எஸ். கருவிக்கு அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2008இல் அனுமதி அளித்தது. அதற்கு முன் 301 நோயாளிகளிடம் சோதனை நடந்து, முடிவுகள் 2007இல் வெளியாயின. பிறகு ஒற்றைத் தலைவலி, எண்ணச் சுழற்சி நோய், புகைப்பழக்கம் ஆகியவற்றுக்கும் குறிப்பிட்ட கருவிகளுக்கு அனுமதி கிடைத்தது. நம் நாட்டிலும் பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற இடங்களில் இந்தச் சிகிச்சை தரப்படுகிறது.

சிகிச்சை இப்படி நடக்கும். நோயாளி ஒரு நாற்காலியில் விழிப்போடு அமர்ந்திருப்பார். மயக்க மருந்து இல்லை. முதலில் கட்டைவிரல் துடிக்கும் அளவைப் பார்த்து அவருக்குரிய வலிமையை மருத்துவர் கணக்கிடுவார். பிறகு இடப்பக்க முன்மூளையின் மேலே சுருளை வைத்து, டக் டக் என்ற ஓசையோடு துடிப்புகள் தரப்படும். ஒரு முறைக்குப் பெரும்பாலும் 20 முதல் 40 நிமிடம். வாரம் ஐந்து நாள். நான்கு முதல் ஆறு வாரம். தலைவலி, தலைத்தோலில் வலி வரலாம். வலிப்பு வருவது மிக அரிது. ஆனால் வரக்கூடும் என்பதால்தான் மருத்துவர் கண்காணிப்பு வேண்டும் என்கிறார்கள். பலன் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. கிடைத்தவர்களிலும் சிலருக்கு நோய் திரும்புகிறது. பொதுவாக, மருந்து போதிய பலன் தராதவர்களுக்கே மருத்துவர்கள் இதை யோசிக்கிறார்கள்.

மெலிந்த காந்தத்தைப் பற்றி ஆய்வுகள் சொல்வது என்ன?

இதில் ஆய்வே நடக்கவில்லை என்று சொன்னால் அது அநீதி. நல்ல மருத்துவமனைகளில் நேர்மையாக நடந்திருக்கிறது.

அமெரிக்காவில் பாஸ்டன் நகருக்கு அருகிலுள்ள மெக்லீன் மருத்துவமனையில், இருதுருவ மனநோய் உள்ளவர்களின் மூளையை ஒரு தனி வகை எம்.ஆர்.ஐ. முறையில் ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். ஸ்கேன் முடிந்து வந்தவர்கள் சிலர், போனபோது இருந்ததைவிட உற்சாகமாக இருப்பதை ஆய்வாளர்கள் கவனித்தார்கள். ஸ்கேன் இயந்திரத்தில் நோயாளியைச் சுற்றியுள்ள பெருங்காந்தம் மாறுவதில்லை. அதோடு சேர்ந்து வேகமாக மாறும் ஒரு மெலிந்த புலமும் உண்டு. அதுதான் காரணமோ என்று எண்ணி முறையாகச் சோதித்தார்கள். 2004இல் வெளியான முடிவின்படி, உண்மையான ஸ்கேன் பெற்ற 30 நோயாளிகளில் 23 பேர் மனநிலை மேம்பட்டதாகச் சொன்னார்கள். இயந்திரத்துக்குள் படுக்கவைத்து, அந்தப் புலத்தைத் தராமல் விட்ட 10 பேரில் 3 பேர் அப்படிச் சொன்னார்கள்.

இதைப் பார்த்து அதே குழுவினர் அந்த மெலிந்த புலத்தை மட்டும் தரும் சிறிய கருவி ஒன்றைச் செய்தார்கள். 2014இல் வெளியான 63 பேர் கொண்ட சோதனையில், 20 நிமிடச் சிகிச்சை முடிந்த உடனே மனநிலையில் முன்னேற்றம் தெரிந்தது. செய்தித்தாள்கள் வரவேற்றன. ஆனால் பல மருத்துவமனைகள் சேர்ந்து, மருந்துக்குக் கட்டுப்படாத மனச்சோர்வு உள்ளவர்களிடம் நடத்திய அடுத்த சோதனையின் முடிவு 2018இல் வந்தது. உண்மையான கருவிக்கும் போலிக் கருவிக்கும் இடையே கருதத்தக்க வேறுபாடு இல்லை.

டென்மார்க்கில் வேறு வகையான மெலிந்த துடிப்புக் காந்தக் கருவியை 50 நோயாளிகளிடம் சோதித்து 2010இல் முடிவை வெளியிட்டார்கள். அதில் போலிக் கருவியைவிட உண்மையான கருவி நல்ல பலன் தந்தது. இது நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால் 50 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. மேலும் அந்த நோயாளிகள் எவரும் மருந்தை விட்டுவிட்டுக் கருவியை மாட்டிக்கொள்ளவில்லை. மருந்தோடு கூடுதலாகத்தான் கருவி தரப்பட்டது. கருவி விற்பவர்கள் சொல்லாமல் விடுவது இந்த ஒரு வரியைத்தான்.

ஆகவே கதவு முழுவதும் மூடிவிடவில்லை. ஆய்வு தொடர வேண்டிய நிலையில் இருக்கிறது. ஆய்வில் இருக்கும் பொருளைச் சோதனைக்கூடத்தில் இலவசமாகக் கொடுத்துப் பார்க்கலாம். ஏழைக் குடும்பத்தைக் கடனாளியாக்கி விற்கக்கூடாது.

"எனக்குக் கேட்டதே!" என்பவர்களுக்கு

"பக்கத்து வீட்டுக்காரருக்கு நன்றாகக் கேட்டது" என்று பலர் எங்களிடம் சொல்கிறார்கள். அவர்கள் பொய் சொல்வதாக நாங்கள் நினைக்கவில்லை. மேலே சொன்ன பாஸ்டன் சோதனையைப் பாருங்கள். எதுவும் தரப்படாத 10 பேரில் 3 பேருக்கும் மனம் லேசானது. நமக்காக ஒருவர் நேரம் ஒதுக்குகிறார், ஒரு கருவியை மாட்டுகிறார், இனி சரியாகிவிடும் என்கிறார் என்றாலே மனம் தெளிவது உண்டு. தவிர, மனச்சோர்வு ஏறியும் இறங்கியும் வரும் நோய். மிக மோசமான நாளில் வாங்கிய எந்தப் பொருளுக்குப் பிறகும் சில நல்ல நாட்கள் வரத்தான் செய்யும்.

இது பழைய அனுபவம். 1784இல் பிரான்சில் மெஸ்மர் என்ற மருத்துவர் பெயரால் "காந்த சக்தி" சிகிச்சை பெரும் புகழ் பெற்றிருந்தது. மன்னர் பதினாறாம் லூயி ஒரு விசாரணைக் குழு அமைத்தார். விஞ்ஞானிகள் பெஞ்சமின் பிராங்க்ளினும் லவாசியேயும் அதில் இருந்தார்கள். ஒரு தோட்டத்தில் ஒரே ஒரு மரத்துக்குக் காந்த சக்தி ஏற்றிவிட்டு, ஒரு சிறுவனைக் கண்ணைக் கட்டி மரம் மரமாக அழைத்துப் போனார்கள். சக்தி ஏற்றாத மரத்தடியில் அவன் மயங்கி விழுந்தான். அவன் நடிக்கவில்லை; எதிர்பார்ப்பு அவனை விழவைத்தது.

அண்மைக் காலத்திலும் ஓர் உதாரணம் உண்டு. கனடாவின் சட்பரி நகரில் மைக்கேல் பெர்சிங்கர் என்ற உளவியல் பேராசிரியர், பூமியின் காந்தத்தைவிட மெலிந்த புலம் தரும் தலைக்கவசத்தை மாட்டியவர்களில் பலர் அருகே யாரோ இருப்பதுபோல் உணர்ந்ததாகச் சொன்னார். ஸ்வீடனின் உப்சாலாவில் 2005இல் அதைச் சோதித்தார்கள். கருவி இயங்குகிறதா இல்லையா என்பது மாணவர்களுக்கும் தெரியாது, சோதிப்பவருக்கும் தெரியாது. கருவி இயங்கியதற்கும் உணர்வு வந்ததற்கும் தொடர்பு இல்லை. எளிதில் பிறர் சொல்லுக்கு வசப்படும் இயல்புள்ளவர்களுக்கே உணர்வு அதிகம் வந்தது. பெர்சிங்கர் இதை ஏற்கவில்லை; சோதனை முறையில் குறை இருப்பதாக வாதிட்டார். எனினும், யார் எதை மாட்டியிருக்கிறார் என்று இருதரப்புக்கும் தெரியாமல் நடக்கும் சோதனை ஏன் தேவை என்பதை இது நமக்குக் காட்டுகிறது.

"தீங்கில்லையே, வாங்கி வைத்தால் என்ன?"

மூன்று தீங்குகளை நாங்களே பார்த்திருக்கிறோம்.

முதலாவது, மருந்து நின்றுபோவது. மனச்சோர்வு மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், தூக்கமின்மை, எரிச்சல் வரலாம். நோய் முன்னைவிடக் கடுமையாகத் திரும்பலாம். சிலருக்கு உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வரலாம். வலிப்பு நோய்க்கான மருந்தை நிறுத்தினால் ஆபத்து உடனடியானது.

இரண்டாவது, பணம். கருவிக்குக் கொடுத்த பணம் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமாகவோ வாடகையாகவோ இருந்திருக்கும்.

மூன்றாவது, உடலில் ஏற்கெனவே பொருத்தியிருக்கும் கருவிகள். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் காந்தத்தை மார்பருகே கொண்டுபோனால் அதன் இயக்கம் மாறக்கூடும். காதுக்குள் பொருத்தும் காக்ளியர் கருவி, மூளையில் நீர் வடிக்கும் குழாய், இரத்தக் குழாயில் போட்ட உலோகக் கிளிப் உள்ளவர்கள், மெலிந்தது என்று யார் சொன்னாலும் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் எந்தக் காந்தக் கருவியையும் தலையிலோ உடலிலோ கட்டக்கூடாது.

வாங்குவதற்கு முன் கேட்க வேண்டியவை

1. இது எந்த நோய்க்கு? எல்லா நோய்க்கும் என்று பதில் வந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். வலிப்பு, பக்கவாதம், நீரிழிவு உள்ளிட்ட பல நோய்களைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதைத் தடுக்கும் சட்டம் நம் நாட்டில் 1954 முதல் இருக்கிறது.

2. அங்கீகாரம் இந்தக் கருவிக்கா, அல்லது "காந்தச் சிகிச்சை" என்ற பெயருக்கா? மருத்துவக் கருவி என்றால் உரிம எண் இருக்க வேண்டும். அதை எழுதி வாங்குங்கள்.

3. போலிக் கருவியோடு ஒப்பிட்டுச் சோதித்தார்களா? எத்தனை பேரிடம்? வேறு ஊரில், வேறு மருத்துவர்கள் செய்தபோதும் அதே முடிவு வந்ததா?

4. விற்பவருக்கு ஆள் சேர்த்தால் கமிஷன் உண்டா? உண்டென்றால் அவர் சொல்வதை வியாபாரப் பேச்சாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

5. மருந்தை நிறுத்தச் சொல்கிறாரா? சொன்னால் அந்தப் பேச்சை அத்துடன் முடித்துவிடுங்கள்.

செலவில்லாமல் போகக்கூடிய இடங்கள்

மனச்சோர்வு ஈமான் குறைவால் வருவதல்ல, அது நோய். வெட்கப்பட்டு மறைப்பதால்தான் மருத்துவமனைக்குப் போகாமல், வீட்டுக்கே வந்து கருவி விற்பவரிடம் சிக்கிக்கொள்கிறோம். மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. 14416 என்ற டெலி மனஸ் எண்ணில் 24 மணி நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். காப்பீடு வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்: 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், உடல் நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது. டி.எம்.எஸ். தேவையா என்ற கேள்வியையும் மனநல மருத்துவரிடமே கேளுங்கள்.

அந்தச் சகோதரியின் விண்ணப்பத்தை நாங்கள் அப்படியே தள்ளிவிடவில்லை. எங்களிடம் இருப்பது பலர் தந்த அமானிதம். அதைக் கருவிக்குக் கொடுக்க முடியாது என்று காரணத்தோடு எடுத்துச் சொன்னோம். எங்கள் தொண்டர் ஒருவர் அந்தச் சகோதரருடன் அரசு மருத்துவமனைக்குப் போனார். மருத்துவர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. பழைய மாத்திரையால் பகலெல்லாம் தூக்கம் வந்ததும், அதனால் தையல் வேலை நின்றுபோனதும்தான் அவர் மருந்தை விட்டதற்கு உண்மையான காரணம் என்பது அங்கே பேசும்போதுதான் தெரிந்தது. இதை அதுவரை அவர் யாரிடமும் சொன்னதில்லை. மருத்துவர் வேறு மருந்து எழுதினார், அளவையும் மாற்றினார்.

முழுவதும் குணமாகிவிட்டார் என்று எழுத மாட்டோம். வாரத்தில் நான்கு நாட்கள் கடையைத் திறக்கிறார். மாதம் ஒருமுறை பேருந்துச் செலவும், மருத்துவமனையில் இல்லாத ஒரு மருந்தின் விலையும் நாங்கள் தருகிறோம்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ இப்படி ஒரு கருவிக்குப் பேச்சு நடந்தால், பணம் கட்டுவதற்கு முன் அந்தத் துண்டுப் பிரசுரத்தை எடுத்துக்கொண்டு எங்கள் அலுவலகத்துக்கு வாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து படித்துப் பார்ப்போம். மாத்திரையை மட்டும் அதுவரை நிறுத்திவிடாதீர்கள்.